மன்மோகன் சிங் நாட்டின் நகையை அடகு வைத்தவரா?

தொண்டி வாசகரின் கேள்வி, 27 டிசம்பர் 2024

நேற்று ராத்திரி மன்மோகன் சிங் இறந்த செய்தி வந்ததிலிருந்து வாட்ஸ்அப் முழுக்கப் புகழ்மாலை. ஒன்று கேட்கிறேன். அவர் கல்லூரி வாத்தியார். பிறகு அதிகாரி, ரிசர்வ் வங்கி கவர்னர், கடைசியில் மந்திரி. மக்களிடம் ஓட்டுக் கேட்டு ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. 1991-ல் நாட்டுத் தங்கத்தைக் கொண்டுபோய் லண்டனில் அடகு வைத்தார். இதற்கா இவ்வளவு கொண்டாட்டம்? அவ்வளவு படிப்பும் மந்திரி வேலைக்கு எந்த வகையில் உதவியது?

27 டிசம்பர் 2024, இரவு

தம்பி, அடகு என்ற வார்த்தையை வசவாக எழுதியிருக்கிறீர்கள். மண்டபம் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் 35 வருடம் நகைக்கடன் மேசையில் உட்கார்ந்தவன் நான். எனக்கு அது வசவாகக் கேட்காது. இந்தக் கரையில் அடகு வைக்காத வீடு எது? வலைக்கு வைப்போம், எஞ்சினுக்கு வைப்போம், பிள்ளையைச் சபுருக்கு, அதாவது வெளிநாட்டு வேலைக்கு, அனுப்ப வைப்போம். நகை வைத்தவரை ஊரில் யாரும் ஏசுவதில்லை. "மூழ்க விட்டுட்டான்", அதாவது திருப்பாமல் கைவிட்டுவிட்டான், என்று வந்தால்தான் ஏச்சு.

1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி 46.91 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடு வைத்து 40 கோடியே 50 லட்சம் டாலர் வாங்கியது. அப்போது கையில் இருந்த அந்நியச் செலாவணி ஏறக்குறைய இரண்டு வார இறக்குமதிக்குத்தான் காணும். சில மாதத்திலேயே கடனை அடைத்துவிட்டார்கள். நகை மூழ்கவில்லை. என் மேசைக்கு இப்படி ஒரு ஆள் வந்திருந்தால் அடுத்த தடவை யோசிக்காமல் கொடுத்திருப்பேன்.

மற்றதை நாளை எழுதுகிறேன். நேற்றுச் சாயங்காலம் சுனாமியின் 20-ஆம் வருடத்துக்குக் கரையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தோம். ராத்திரி இந்தச் செய்தி. சுனாமி வந்தபோது அவர்தான் பிரதமர், பதவியேற்று ஏழு மாதம் ஆகியிருந்தது. இனி டிசம்பர் 26 என்றால் எனக்கு இரண்டும் சேர்ந்துதான் நினைவுக்கு வரும்.

28 டிசம்பர் 2024, விடியற்காலை

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதில் ஒரு பாதி விட்டுப்போனது.

தங்கம் இரண்டு தடவை போயிருக்கிறது. முதலில் 1991 மே மாதம், 20 டன். சந்திரசேகர் பிரதமர், யஷ்வந்த் சின்கா நிதியமைச்சர். திருப்பி வாங்கிக்கொள்ளும் நிபந்தனையோடு, ஸ்டேட் வங்கி வழியாக ஒரு சுவிஸ் வங்கிக்கு விற்றார்கள். மன்மோகன் சிங் அப்போது பல்கலைக்கழக மானியக் குழுத் தலைவர். அந்த முடிவை எடுக்கும் பதவியில் அவர் இல்லை. ஜூன் 21-ல் நரசிம்ம ராவ் பிரதமரானபோதுதான் இவர் நிதியமைச்சர். அதற்கும் முதலில் ஐ.ஜி. படேலைத்தான் கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார். படேலும் பேராசிரியர், அவரும் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தவர். கவர்னர் நாற்காலியில் படேலுக்கு அடுத்து உட்கார்ந்தவர்தான் இவர்.

ஜூலையில் தங்கம் போனபோது கவர்னர் நம் நாகர்கோவில்காரர் வெங்கிடரமணன். துணை கவர்னர் சி. ரங்கராஜன், அவரும் தமிழர், அவரும் பேராசிரியர். ஆக "மன்மோகன் அடகு வைத்தார்" என்பதில் முக்கால்வாசி மற்றவர்கள். ஆனால் நாடாளுமன்றத்தில் நின்று பதில் சொல்லவேண்டிய இடத்தில் இவர் இருந்தார், சொன்னார்.

மே மாதம் போன 20 டன், அரசு கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்து வைத்திருந்த தங்கம். நம் கரையில் வள்ளத்தோடு பிடிபட்ட பிஸ்கட்டும் அதில் இருந்திருக்குமோ என்று அப்போதே ஆபீசில் பேசிக்கொண்டோம்.

28 டிசம்பர் 2024, மாலை

டில்லியில் தகனம் முடிந்துவிட்டது. டிவியை அணைத்துவிட்டு வந்தேன்.

படிப்பு எதற்கு உதவியது என்று கேட்டீர்கள். பிரிவினைக்கு முந்திய பஞ்சாபில் கா என்ற கிராமத்தில் பிறந்தவர். கரண்டு கிடையாது, விளக்கு வெளிச்சத்தில் படித்தார். கேம்பிரிட்ஜில் முதல் வகுப்பு, 1962-ல் ஆக்ஸ்போர்டில் முனைவர் பட்டம். ஆராய்ச்சி இந்தியாவின் ஏற்றுமதி பற்றி. அந்தக் காலத்தில் டில்லியில் இருந்த பெரிய தலைகள், இந்தியப் பொருளுக்கு வெளியே சந்தை கிடையாது, இருப்பதை உள்ளேயே செய்துகொள்வோம் என்ற கட்சி. சந்தை இருக்கிறது, நாம்தான் நம்மைத் தடுத்துக்கொள்கிறோம் என்று இந்தப் பையன் எழுதினார்.

எழுதியது 1962. செய்யக் கையில் அதிகாரம் வந்தது 1991. நடுவே 29 வருடம். டில்லிப் பொருளாதாரப் பள்ளியில் பாடம் நடத்தினார், வர்த்தக அமைச்சகத்தில் ஆலோசகராக இருந்தார், நிதி அமைச்சகத்தில், ரிசர்வ் வங்கியில், திட்டக் குழுவில், ஜெனீவாவில் என்று கோப்பு பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருடம் ஒரு கருத்தை மடியில் கட்டிவைத்திருந்த மனுஷனை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1991 ஜூலை 1-ஆம் தேதியும் 3-ஆம் தேதியும் ரூபாயின் மதிப்பை இரண்டு தவணையாகக் குறைத்தார்கள். ஒரு டாலர் ஏறக்குறைய 21 ரூபாயிலிருந்து 26-க்குப் போனது. முதல் தவணைக்கு எழுந்த கூச்சலைப் பார்த்து இரண்டாவதை நிறுத்தலாமா என்று நரசிம்ம ராவ் தயங்கினார். மன்மோகன் ரங்கராஜனைப் போனில் பிடித்தபோது காலை ஒன்பதரை. ஒன்பதுக்கே அறிவிப்பு வெளியாகிவிட்டது. அரை மணி நேரம் முன்னால் கூப்பிட்டிருந்தால் கதை வேறாகப் போயிருக்கலாம்.

29 டிசம்பர் 2024

"ரூபாய் இறங்கினால் நமக்கு என்ன?" என்று இதைப் படித்த பாம்பன் தங்கச்சி கேட்டிருந்தார். இறால்தான் அம்மா. வெளிநாட்டுக்காரர் கிலோவுக்கு 5 டாலர் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் அது 105 ரூபாய். ஜூலை மூன்றாம் தேதி அதே இறால், அதே 5 டாலர், 130 ரூபாய். கடலுக்குப் போனவர் கூடுதலாக ஒரு தடவைகூட வலை போடவில்லை.

கணக்கு அழகாக இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன். என் அப்பா ஓர் இறால் ஏஜெண்டிடம் கணக்குப்பிள்ளை. அந்த ஜூலையில் கம்பெனி கரை விலையை ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை. ஆகஸ்டில் கொஞ்சம். மறு வருடம்தான் ஓரளவு சரியாக வந்தது. நடுவே இருந்த காசு யாரிடம் போனது என்பது அப்பாவுக்குத் தெரியும், ஏனென்றால் அந்த நோட்டை எழுதியவரே அவர்தான். ராத்திரி சாப்பிடும்போது சொல்வார், "டாலர் பம்பாயில ஏறுது, இங்க வந்து சேர ஒரு வருசமாகுது."

இது மன்மோகனின் தப்பா? முன்பு ஆம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஆனால் கரையில் பேரம் பேசத் தெம்பில்லாதவனுக்கு அந்த 25 ரூபாய் எப்படிப் போய்ச் சேரும் என்பதற்கு அந்த பட்ஜெட்டில் ஒரு வரிகூட இல்லை. இன்னொன்று: கதவைத் திறக்கிறோம் என்று நம் ஆழ்கடலை அந்நியக் கப்பல்களுக்குத் திறந்துவிட்டதும் அவர் கொள்கைதான். அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

30 டிசம்பர் 2024

கீழக்கரைக் காக்கா (இந்தக் கரை முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 1990 ஆகஸ்டில் குவைத்துக்குள் சதாம் படை நுழைந்தபோது அவருடைய வாப்பா, அதாவது அப்பா, அங்கே. பாலைவனம் தாண்டி ஜோர்டான், அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானம், பம்பாய், பிறகு ரயில். அப்படிக் கொண்டுவந்த இந்தியர்கள் ஏறக்குறைய 1,70,000 பேர்.

என் சித்தப்பாவும் அதில் ஒருவர். டிரைவர் வேலை. கையில் ஒரு பை, அதில் குவைத் தினார் கொஞ்சம். எந்த வங்கியும் அதை வாங்கவில்லை.

1991 நெருக்கடிக்குப் பல காரணம் சொல்வார்கள். எண்பதுகளில் வாங்கிக் குவித்த கடன், பற்றாக்குறை, ஆட்சி மாறி மாறி விழுந்தது, எல்லாம் சரி. கடைசி அடி வளைகுடாவிலிருந்துதான் விழுந்தது. எண்ணெய் விலை ஏறியது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றது. வெளிநாட்டு இந்தியர்கள் நம் வங்கிகளில் போட்டதை அவசரமாக எடுத்தார்கள். டில்லியில் அதைப் புள்ளிவிவரமாகப் பார்த்தார்கள், கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தெருத் தெருவாகப் பார்த்தோம்.

சித்தப்பாவை அனுப்ப 1989-ல் அம்மா தன் 5 பவுன் சங்கிலியை வைத்தாள். மகன் நகைக்கடன் மேசையில் இருக்கிறான், அவனிடம் வைக்கக் கூச்சம். பக்கத்து ஊரில் ஒரு தனியார் வட்டிக்கடையில் வைத்திருக்கிறாள். சித்தப்பா பணம் அனுப்பித் திருப்புவது என்று பேச்சு. போர் வந்தது, பணம் வரவில்லை, வட்டி ஏறியது. 1991 ஜூலையில் மூழ்கிப்போச்சு. எனக்குத் தெரிந்தது அதற்கும் ஒரு மாதம் கழித்து. நாட்டின் தங்கம் விமானம் ஏறியதைப் பேப்பரில் படித்து ஆபீசில் நான் வாய்கிழியப் பேசிக்கொண்டிருந்த அதே வாரங்கள்.

தொண்டித் தம்பி, உங்கள் கேள்விக்கு முதல் நாள் ஏன் அவ்வளவு சூடாகப் பதில் எழுதினேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

1 ஜனவரி 2025

28-ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். ஆக்ஸ்போர்டு படிப்பை ரொம்பத் தூக்கிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அவரை மந்திரியாக்கியது ரிசர்வ் வங்கிதான்.

1982 செப்டம்பரிலிருந்து 1985 ஜனவரி வரை கவர்னர். அவர் வரும்போது இந்தியா பன்னாட்டு நிதியத்திடம் (ஐ.எம்.எஃப்.) பெரிய கடன் வாங்கிக்கொண்டிருந்தது. 1981-ல் பேசிய தொகை 500 கோடி எஸ்.டி.ஆர்., அது நிதியத்தின் கணக்கு நாணயம். 1984-ல் சுமார் 390 கோடி எடுத்த நிலையில், போதும், மிச்சம் வேண்டாம் என்று இந்தியா நிறுத்திக்கொண்டது. ஒப்புக்கொண்ட கடனை முழுக்க வாங்காமல் எழுந்து வந்த ஆளை என் மேசையில் 35 வருடத்தில் விரல்விட்டு எண்ணிவிடுவேன். அந்த முடிவு அரசாங்கத்தினுடையது. ஆனால் இருப்பு எவ்வளவு, தவணை எப்போது, எவ்வளவு இறங்கினால் ஆபத்து என்பதைத் தினமும் பார்க்கும் நாற்காலி கவர்னருடையது. வெளியூர்க் கடன்காரனிடம் எப்படிப் பேசுவது, எங்கே நிறுத்துவது என்று வகுப்பறையில் யாரும் சொல்லித்தருவதில்லை.

எங்கள் கூட்டுறவு ஆட்களுக்கு இன்னொரு ஞாபகம்: ரிசர்வ் வங்கியில் நகர வங்கிகளுக்கென்று தனித் துறை வந்ததும் அவர் காலத்தில்தான். அதற்கு முன் கூட்டுறவு நகர வங்கிகளைத் தனியாகக் கவனிக்க அங்கே துறை இல்லை.

1991-ல் அந்த வேலையை ஒரு வெறும் பேராசிரியரிடம் கொடுத்திருந்தால் நல்ல கட்டுரை வந்திருக்கும். வெறும் அரசியல்வாதியிடம் கொடுத்திருந்தால் ஆறு மாதம் தள்ளிப்போட்டிருப்பார். இவர் ஜூன் 21-ல் வந்தார், ஜூலை 1-ல் ரூபாயில் கை வைத்தார், ஜூலை 24-ல் பட்ஜெட்.

4 ஜனவரி 2025

ஏர்வாடி அண்ணன் ஒரு பழைய ஒரு ரூபாய் நோட்டைப் படம் போட்டு, "இதிலும் அவர் கையெழுத்து, நூறு ரூபாயிலும் அவர் கையெழுத்து, இப்படி வேறு யாருமில்லை" என்கிறார். முதல் பாதி சரி. ஒரு ரூபாய் நோட்டு மட்டும் இந்திய அரசின் பெயரில் வரும், அதில் நிதித்துறைச் செயலாளர் கையெழுத்து. மன்மோகன் எழுபதுகளின் கடைசியில் அந்தப் பதவியில் இருந்தார். மற்ற நோட்டுகளில் கவர்னர் கையெழுத்து. ஆனால் படேல், வெங்கிடரமணன் இரண்டு பேரும் அப்படி இரண்டிலும் போட்டவர்கள்தான். நோட்டை பிளாஸ்டிக் உறையில் வைங்க அண்ணே, கடற்காத்துக்கு இத்துப்போகும்.

9 ஜனவரி 2025

டிசம்பர் 29 குறிப்பில் ஆழ்கடல் விஷயத்தில் அவர்மேல் தப்பாகப் பழி போட்டுவிட்டேன். ராமேஸ்வரத்துச் சங்கத்துப் பெரியவர் கூப்பிட்டுத் திருத்தினார். அந்நியக் கூட்டுக் கப்பல்களுக்கு வழிவிட்ட ஆழ்கடல் மீன்பிடிக் கொள்கை 1991 மார்ச்சில் வந்தது. சந்திரசேகர் ஆட்சி. மன்மோகன் பதவிக்கு வரும் முன்னாலேயே.

ஆனால் அதன்பிறகு லைசென்ஸ்களை அவர் இருந்த அரசுதான் கொடுத்துக்கொண்டே போனது. 1994-ல் நாடு முழுக்க மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், இந்தக் கரையிலும் படகுகள் நின்றன. 1995-ல் அந்தக் கொள்கையை ஆராய முராரி குழு போட்டார்கள். கொடுத்த லைசென்ஸ்களை ரத்து செய்யவேண்டும் என்று 1996-ல் அந்தக் குழுவே சொன்னது. ஆக, பழியை எடுத்துவிட்டேன், வருத்தத்தை எடுக்கவில்லை.

14 ஜனவரி 2025

பொங்கல் வாழ்த்துகள். முதுகுளத்தூர் பக்கம் மச்சினன் வீட்டில் இருக்கிறேன், முற்றம் முழுக்க முண்டு மிளகாய் பேச்சு. உரம் பற்றி வந்தபோது ஞாபகம் வந்தது.

1991 பட்ஜெட்டில் உர விலையை 40 சதவீதம் ஏற்றினார். எதிர்க்கட்சியைவிடச் சொந்தக் கட்சிக்காரர்கள்தான் அதிகம் குதித்தார்கள். கடைசியில் 30 ஆக்கி, சிறு விவசாயிக்கு விலக்கும் கொடுத்தார்கள். பேராசிரியர் மந்திரியான நாள் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கொண்டுவந்த கணக்கில் கால் பங்கை மேசையில் விட்டுவிட்டு முக்காலோடு எழுந்து வந்தார். மானம் போச்சு என்று வீட்டுக்குப் போகவில்லை. மச்சினன் ஒத்துக்கொள்ளவில்லை. "முப்பதும் எங்க தலையிலதான விழுந்துச்சு" என்கிறான். அதுவும் நியாயம்தான்.

15 ஜனவரி 2025

நேற்று விட்டது. தங்கம் பற்றி அவர் செய்ததில் நம் கரைக்கு நேராக வந்தது 1992 பட்ஜெட்டில் ஒன்று. வெளிநாட்டிலிருந்து திரும்பும் இந்தியர், வரி கட்டி 5 கிலோ வரை தங்கம் கொண்டுவரலாம் என்றார். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்கு முன்னமே, 1990-ல் போய்விட்டது. ராத்திரி வள்ளத்தில் வந்துகொண்டிருந்தது பகலில் பெட்டியில் ரசீதோடு வந்தது. என் மேசையில் வெளிநாட்டு முத்திரை போட்ட வளையல்கள் வர ஆரம்பித்தது அந்த வருடங்களில்தான். அதற்கு முன்னால் அப்படி ஒன்று வந்தால் கொண்டுவந்தவர் கண் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். நரசிம்ம ராவ் அலுவலகத்தில் இருந்த ராமு தாமோதரன் சொன்னது. ஜெனீவாவில் வேலை பார்த்தபோது சேர்த்த டாலர் மன்மோகனின் கணக்கில் இருந்ததாம். ரூபாய் இறங்கியதால் அதில் தனக்குக் கூடுதலாக வந்ததைப் பிரதமர் நிவாரண நிதியில் கட்டிவிட்டாராம். தான் செய்த வேலையால் தனக்கு ஒரு காசு லாபம் வரக்கூடாது என்று நினைத்த மந்திரி. அப்பாவின் கம்பெனி நோட்டை நினைத்துக்கொண்டேன்.

2 பிப்ரவரி 2025

சேதுவைப் பற்றி ஏன் பேசவில்லை என்று வேதாளையிலிருந்து இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். பேசத் தயக்கமாக இருந்தது, அதனால்தான்.

2005 ஜூலை 2, மதுரையில் சேது சமுத்திரத் திட்டத்தைத் தொடங்கிவைத்தவர் பிரதமர் மன்மோகன் சிங். 167 கிலோமீட்டர் கால்வாய், கப்பல்கள் இலங்கையைச் சுற்றவேண்டாம். ஏற்றுமதி பற்றி ஆராய்ச்சி செய்தவருக்கு அது பிடித்ததில் ஆச்சரியமில்லை. எனக்கும் முதலில் பிடித்தது. மாலை பேருந்தில் திரும்பி வந்தவர்கள் கொடியோடு வந்தார்கள்.

பிறகு கரைவலைக்காரர் ஒருவர் என் மேசைக்கு வந்து, தூர்வாரிய சேற்றை எங்கே கொட்டுவார்கள், கால்வாய்க்கு அந்தப் பக்கம் போய்வர அனுமதி உண்டா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மண்டபத்தில் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பக்கத்திலேயே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா. பாசி எடுக்கும் பெண்களுக்குக் கடல் எந்த மாதம் கலங்கும் என்று தெரியும். அவர்களை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தொடங்கினார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. 2007-ல் உச்ச நீதிமன்றம் ராமர் பாலப் பகுதியில் கை வைக்கத் தடை போட்டது. அந்த வழக்கிலும் பாலம்தான் பேச்சாக இருந்தது, வலை இல்லை.

ஓட்டு பற்றித் தொண்டித் தம்பி சொன்னதை இந்த இடத்தில் ஒத்துக்கொள்கிறேன். 1999-ல் தெற்கு டில்லியில் நின்று தோற்றார், அதோடு சரி. மற்றபடி மாநிலங்களவைதான், முதலில் அசாம், கடைசியில் ராஜஸ்தான். கரையில் நின்று ஓட்டுக் கேட்டுப் பழகியவராக இருந்திருந்தால் அந்தக் கரைவலைக்காரரின் கேள்வி அவர் காதுக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். நூறு நாள் வேலைச் சட்டம் வந்ததும் அதே 2005-ல், அவர் ஆட்சியில். கண்மாய் தூர்வாரி முதல் தடவை தன் பேரில் பாஸ்புக் வாங்கிய பெண்கள் என் சங்கத்துக்கும் வந்தார்கள். இதையும் எழுதாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை.

16 ஏப்ரல் 2025

நேற்றிலிருந்து மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு போகாது. வட்டிக்கடைகளில் கூட்டம்.

கணக்கை முடிக்க ஒரு தகவல். அவர் பிரதமராக இருந்தபோது, 2009 நவம்பரில், பன்னாட்டு நிதியத்திடமிருந்து ரிசர்வ் வங்கி 200 டன் தங்கம் வாங்கியது. விலை 670 கோடி டாலர். 18 வருடம் முன்னால் கடனுக்குக் கைநீட்டிய அதே நிதியத்திடம் ரொக்கம் கொடுத்து வாங்கினார்கள். அந்த வாரம் வீட்டில் அம்மாவுக்குப் பேப்பரைப் படித்துக் காட்டினேன். "எத்தனை பவுன் வரும்?" என்று கேட்டாள். இரண்டரைக் கோடி பவுன் என்றேன். ஒன்றும் சொல்லாமல் கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

8 ஜூன் 2025

இந்த இழை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். நேற்று நாலு பேர் நகைக்கடன் புது விதி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வரைவில் நகை உங்களுடையது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று இருந்தது. பாட்டி போட்ட தோட்டுக்கு ரசீதுக்கு எங்கே போவது என்று தமிழ்நாடு முழுக்க எதிர்ப்பு. இப்போது ஜூன் 6-ல் இறுதி விதி வந்திருக்கிறது. இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். அதற்கு மேல் 5 லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வரவேண்டும்.

பாம்பன் தங்கச்சிக்கு: பல இடங்களில் இப்போது வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்க விடுவதில்லை, அசலும் கட்டித் திருப்பிவிட்டு மறுபடி வைக்கச் சொல்கிறார்கள். உங்கள் அடகுச் சீட்டில் தவணை ஜூலை 4 என்று போட்டிருக்கிறது. படகு 15-ஆம் தேதி இறங்கினாலும் பிடித்த மீன் காசாக ஒரு வாரம் ஆகும். இரண்டு நகையையும் ஒரே சீட்டில் வைத்திருக்கிறீர்கள், ஒன்றை மட்டும் பிரித்துத் திருப்பமுடியுமா என்று நாளையே போய்க் கேளுங்கள். நோட்டீஸ் வந்தால் படிக்காமல் பெட்டியில் போடாதீர்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கத்து வாசலில் நிற்கிறேன், சீட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்.